சுண்டைக்காய் கால் பணம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டிஷ் ஆட்சியில் அயர்லாந்தின் கொந்தளிப்பைச் சீர்திருத்தங்கள் தணித்தனவா, வளர்த்தனவா? 'வளர்த்தன' என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி ஒரு பட்டியல் வாசித்தார். 1829இல் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றக் கதவு திறந்தது, 1881இல் குத்தகை விவசாயிக்குச் சட்டம் வந்தது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டார். பட்டியல் சரிதான் அம்மா. ஒவ்வொன்றும் எப்போது வந்தது, வந்த கையோடு எதைப் பிடுங்கிக்கொண்டு போனது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே!

1828இல் கிளேர் தொகுதியில் கத்தோலிக்கத் தலைவர் ஓ'கானலை ஜெயிக்க வைத்தவர்கள் ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுன், மதிப்புள்ள நிலம் வைத்திருந்த சிறு விவசாயிகள். மறு வருஷம் கதவு திறந்தது. அதே கையோடு ஓட்டுரிமைக்கான தகுதியைப் பத்துப் பவுனாக உயர்த்தி, அந்த விவசாயிகளை வெளியே தள்ளினார்கள். பந்தி போட்டுவிட்டு, சமைத்தவனை எழுப்பிவிட்ட கதை!

1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தை நான் தொடப் போவதில்லை. பத்து லட்சம் சாவைச் சொல்லிக் கைதட்டல் வாங்க மனசு வரவில்லை.

1880க்கு வாருங்கள். குத்தகை கட்ட முடியாமல் வெளியேற்றப்படுபவருக்கு இழப்பீடு தர ஒரு மசோதா. மக்களவை நிறைவேற்றியது, ஆகஸ்டில் பிரபுக்கள் சபை தூக்கி எறிந்தது. பணிந்து கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அந்த இலையுதிர்காலத்தில் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நில ஏஜென்டை ஊரே ஒதுக்கி வைத்தது. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை. அவருடைய உருளைக்கிழங்கும் டர்னிப்பும் மண்ணிலேயே கிடந்தன. தோண்ட வடக்கிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள், அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்கள்! சில நூறு பவுன் விளைச்சலுக்குப் பத்தாயிரம் பவுன் செலவு என்று அன்றே பேசிக்கொண்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த ஏஜென்டின் பெயர் கேப்டன் பாய்காட். ஆமாம், நாம் தினமும் சொல்லும் அதே பாய்காட்தான்.

அடுத்த ஆண்டே, 1881இல், பிரதமர் கிளாட்ஸ்டனின் நிலச் சட்டம் வந்துவிட்டது. ஆகஸ்டில் கேட்டுக் கிடைக்காதது, பாய்காட் செய்ததும் கிடைத்தது. விவசாயி என்ன பாடம் படிப்பான், நீங்களே சொல்லுங்கள் நடுவரே! அதிலும் குத்தகை பாக்கி வைத்திருந்தவனுக்கு இடமில்லை. எதிர்த்துப் பேசிய ஐரிஷ் தலைவர் பார்னெலை அக்டோபரில் கில்மெயினம் சிறையில் அடைத்தார்கள். பாக்கிக்காரனுக்குச் சட்டம் வந்தது 1882இல், பார்னெலோடு பேரம் பேசி அவரை வெளியே விட்ட பிறகு.

1903 சட்டம் நல்ல சட்டம், ஒப்புக்கொள்கிறேன். அரசிடம் கடன் வாங்கி, உழுதவனே நிலத்தை வாங்க முடிந்தது. ஆனால் வயிற்றுக்கு வழி செய்தால் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் என்ற தன்னாட்சிக் கோரிக்கையை மறந்துவிடுவான் என்று நினைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கணக்குத் தப்பியது. தன்னாட்சி மசோதா 1886இல் மக்களவையில் தோற்றது. 1893இல் பிரபுக்கள் கவிழ்த்தார்கள். 1914இல் சட்டமே ஆனது, ஆனால் போர் முடியட்டும் என்று கிடப்பில் போட்டார்கள். 1916இல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் துப்பாக்கி வெடித்தது. காயத்தோடு நிற்க முடியாத கிளர்ச்சித் தலைவர் கானலியை நாற்காலியில் உட்கார வைத்தே சுட்டார்கள். அப்போதும் அந்தச் சட்டம் கிடப்பில்தான் இருந்தது.

1918 தேர்தல். அயர்லாந்தில் மொத்தம் 105 இடங்கள். குடியரசு கேட்ட சின் ஃபைன் கட்சிக்கு 73. நாற்பது வருஷம் நாடாளுமன்ற வாசலில் நின்று தன்னாட்சி கேட்ட கட்சிக்கு 6.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. அந்த ஆறு எப்படி வந்தது என்பதை எதிரணியில் அடுத்துப் பேசுபவர் விளக்கட்டும்.