இருமுறை 26: லூட்டன் டவுனின் பிரீமியர் லீக் பருவம்

அவைத் தலைவர் அவர்களுக்கும், கால்பந்தின் மீதுள்ள பற்றினால் இங்கே கூடியிருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்தின் உச்ச அடுக்கான பிரீமியர் லீகின் 2023-24ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிப் புள்ளிப்பட்டியலில் லூட்டன் டவுன் கழகம் 18ஆம் இடத்தில் நிற்கிறது. 38 ஆட்டங்கள், 6 வெற்றி, 8 சமன், 24 தோல்வி, அடித்த கோல்கள் 52, வாங்கிய கோல்கள் 85, புள்ளிகள் 26. கீழே இருந்து வந்த சிறு கழகம் ஓராண்டு தாக்குப்பிடித்துவிட்டுத் திரும்பிப் போனது என்று இந்த எண்களைப் பார்ப்பவர் சொல்லிவிடக்கூடும். அதே கழகம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2008-09இல், நான்காம் அடுக்கின் அடிமட்டத்தில் பருவத்தை முடித்தபோதும் அதன் கணக்கில் இருந்தவை 26 புள்ளிகளே. முதல் 26 எப்படி வந்தது என்று தெரியாதவருக்கு இரண்டாவது 26இன் பொருள் முழுதாக விளங்காது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

2007 நவம்பரில் கடன் மிகுந்து லூட்டன், நொடித்த நிறுவனங்களைக் கவனிக்க நியமிக்கப்படும் நிர்வாகிகளின் பொறுப்புக்குள் போனது. அடுத்த ஆண்டு ரசிகர்களே சேர்ந்து அமைத்த ஒரு குழுமம் அதை வாங்கியது. வாங்கியவர்களின் கையில் கிடைத்தது ஒரு கழகமும் அதனுடன் சேர்ந்த தண்டனையும். பழைய உரிமையாளர்களின் காலத்தில் வீரர்களின் முகவர்களுக்குப் பணம் கொடுத்த முறைக்காக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 10 புள்ளிகளைக் கழித்தது; கடன்காரர்களோடு முறையான உடன்பாடு எட்டாமல் நிர்வாகத்திலிருந்து வெளியேறியதற்காக, உச்ச அடுக்குக்குக் கீழுள்ள மூன்று அடுக்குகளை நடத்தும் கால்பந்து லீக் 20 புள்ளிகளைக் கழித்தது. பந்து உருளும் முன்பே கணக்கு பூச்சியத்துக்கு 30 கீழே நின்றது. அந்தப் பருவத்தில் 46 ஆட்டங்களில் 13 வெற்றியும் 17 சமனுமாக அவர்கள் ஈட்டியவை 56 புள்ளிகள். தண்டனை இல்லாதிருந்தால் எவ்விதக் கவலையுமின்றி நடுவரிசையில் முடித்திருப்பார்கள். தண்டனை கழிந்து 26 ஆனது. லீக்கை விட்டே வெளியேறினார்கள். தவறு செய்தவர்கள் போய்விட்டார்கள், புதிதாக வந்தவர்கள் விலை கொடுத்தார்கள். அதே பருவத்தில் கீழ் அடுக்குக் கழகங்களுக்கான கோப்பைப் போட்டியான லீக் டிராபியின் இறுதியாட்டத்துக்கு லூட்டன் ரசிகர்கள் 40,000 பேருக்கு மேல் வெம்பிளியில் திரண்டார்கள் என்பதையும், கூடுதல் நேரத்தில் ஸ்கன்தார்ப்பை 3-2 என்று வென்றார்கள் என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

லீக்கிற்கு வெளியே ஐந்து பருவங்கள். 2014இல் திரும்பினார்கள், 2018இலும் 2019இலும் அடுத்தடுத்து ஏறினார்கள், 2023 மே 27 அன்று வெம்பிளியில் நடந்த உயர்வுக்கான இறுதியாட்டத்தில் கவென்ட்ரி சிட்டியுடன் 1-1 என்று சமன் செய்து, பெனால்ட்டியில் 6-5 என்று வென்று உச்ச அடுக்கை அடைந்தார்கள். அந்த ஏற்றம் முழுவதிலும் அணியில் இருந்தவர் நடுக்கள வீரர் பெலி ரடாக் எம்பான்சு. ஒரே கழகத்துடன் லீக்கிற்கு வெளியேயிருந்து பிரீமியர் லீக் வரை வந்த முதல் வீரர் அவர். 1992இல் பிரீமியர் லீக்கைத் தொடங்க ஒப்புக்கொண்ட கழகங்களுள் லூட்டனும் ஒன்று. ஆனால் அது தொடங்குவதற்கு முந்திய பருவத்தின் கடைசி நாளில் நாட்ஸ் கவுன்ட்டியிடம் தோற்றுக் கீழிறங்கிவிட்டது. தான் தொடங்கி வைத்த போட்டிக்குள் நுழைய அதற்கு 31 ஆண்டுகள் பிடித்தன.

நுழைந்த பிறகு முதல் சிக்கல் மைதானம். 1905 முதல் அவர்கள் ஆடிவரும் கெனில்வொர்த் ரோடு நெருக்கமான வீட்டு வரிசைகளுக்கு நடுவே அமைந்தது. ஓக் ரோடு பக்கம் வரும் வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளின் ஊடே திறக்கும் வாயிலில் நுழைந்து, கொல்லைப்புறங்களின் மேலே ஏறிச் செல்லும் படிக்கட்டு வழியாகத்தான் இருக்கைக்குப் போக வேண்டும். இதைக் கண்டு தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் பருவம் முழுவதும் வியந்து கொண்டிருந்தார்கள். அந்த வியப்பில் ஏளனமும் கலந்திருந்தது என்பது என் கருத்து. விளக்குகளையும் ஊடக வசதிகளையும் பிரீமியர் லீகின் விதிகளுக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்ததால் ஆகஸ்டில் பர்ன்லியுடனான முதல் உள்ளூர் ஆட்டமே தள்ளிப்போனது. எல்லா வேலையும் முடிந்த பிறகும் அங்கே ஏறத்தாழ 12,000 பேர்தான் அமர முடியும்.

அடுத்தது பணம். பிரீமியர் லீகில் கடைசி இடத்தில் முடிக்கும் கழகத்துக்கும் ஒளிபரப்பு வருமானமாக 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கும். அதை வாரி இறைக்க லூட்டன் மறுத்தது. ராஸ் பார்க்லியும் சியெடோசி ஒக்பெனேயும் ஆண்ட்ரோஸ் டவுன்சென்டும் முந்தைய கழகத்துக்குக் கொடுக்கும் மாற்றுத் தொகை இல்லாமல் வந்தவர்கள். கோல்கீப்பர் தாமஸ் கமின்ஸ்கியும் தாஹித் சோங்கும் இரண்டாம் அடுக்குக் கழகங்களிலிருந்து வாங்கப்பட்டவர்கள். ஓராண்டு முன்னதாக இதே போல் ஏறிவந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் தன் முதல் பருவத்தில் 20க்கும் மேற்பட்ட வீரர்களை வாங்கிக் குவித்தது. அதனோடு ஒப்பிடுகையில் லூட்டனின் சிக்கனம் பயத்தினால் வந்ததா, பட்டறிவினால் வந்ததா என்று கேட்டால், இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பேன். கடனால் ஒருமுறை லீக்கையே இழந்தவர்கள் அவர்கள்.

ஆட்டங்களுக்கு வருவோம். பிரைட்டனில் 4-1 என்ற தோல்வியில் பருவம் தொடங்கியது. செப்டம்பர் 30 அன்று குடிசன் பார்க்கில் எவர்ட்டனை 2-1 என்று வீழ்த்தியது முதல் வெற்றி. அணித்தலைவர் டாம் லாக்கியரும் கார்ல்டன் மோரிஸும் கோல் அடித்தார்கள். நவம்பரில் சோங் அடித்த கோலால் லிவர்பூலுக்கு எதிராக 95ஆம் நிமிடம் வரை முன்னிலையில் இருந்து, லூயிஸ் டியாஸ் தலையால் அடித்த கோலால் சமனுக்கு இறங்கினார்கள். டிசம்பர் 5 அன்று ஆர்சனலுக்கு எதிராக 3-2 என்று முன்னேறி, கடைசியில் 97ஆம் நிமிடத்தில் டெக்லன் ரைஸ் அடித்த கோலால் 4-3 என்று தோற்றார்கள். மான்செஸ்டர் சிட்டியையும் முதல் பாதியில் பின்தங்க வைத்தார்கள். இந்த இரவுகளை நினைவுகூர்பவர்கள் லூட்டன் துரதிர்ஷ்டத்தால் வீழ்ந்தது என்பார்கள். அது பாதி உண்மை. ஃபாரஸ்டில் 2-0 என்று பின்தங்கியிருந்து கடைசி நிமிடங்களில் சமன் செய்ததும், பர்ன்லியிலும் கிறிஸ்டல் பேலஸிலும் கூடுதல் நிமிடங்களில் புள்ளி பறித்ததும் இதே லூட்டன்தான். கடிகாரம் அவர்களிடமிருந்து எடுத்தது. அவர்களுக்குக் கொடுக்கவும் செய்தது.

டிசம்பர் 16 பற்றிப் பேசும்போது சற்று நிதானிக்க வேண்டும். 2023 மே மாத வெம்பிளி இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே தரையில் சரிந்து, இதயத்துக்குச் சிகிச்சை பெற்று, மீண்டும் அணித்தலைவராகத் திரும்பியவர் லாக்கியர். போர்ன்மத்தில் 1-1 என்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, 59ஆம் நிமிடத்தில், எவரும் அருகில் இல்லாத நிலையில் அவர் விழுந்தார். இதயம் நின்றுவிட்டிருந்தது. மருத்துவர்கள் மைதானத்திலேயே அவரை மீட்டார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. உடலுக்குள் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்ட அவர் அந்தப் பருவத்தில் மறுபடி ஆடவில்லை. அன்று வரை 16 ஆட்டங்களில் லூட்டனுக்கு 9 புள்ளிகள் இருந்தன.

அடுத்து நடந்ததைத்தான் நான் இந்தப் பருவத்தின் உச்சமாகக் கருதுகிறேன். ஒரு வாரத்தில் நியூகாசிலை 1-0 என்றும், கிறிஸ்துமஸ் மறுநாள் ஷெஃபீல்டு யுனைடெடை அவர்களது மைதானத்தில் 3-2 என்றும் வென்றார்கள். ஜனவரி 30 அன்று பிரைட்டனுக்கு எதிராக எலைஜா அடபாயோ 18ஆம் வினாடியில் முதல் கோலை அடித்து ஹாட்ரிக் எடுத்தார்; 4-0. நான்கு நாள் கழித்து நியூகாசிலில் 4-4. பயிற்சியாளர் ராப் எட்வர்ட்ஸ் பின்னால் பதுங்கி ஆடும் முறையைக் கைவிட்டு, மைதானம் முழுவதும் எதிராளியை ஆளுக்கு ஆள் பிடித்து நெருக்கும் ஆட்டத்தை ஆடவைத்தார். பார்க்லி நடுக்களத்தில் ஆழத்திலிருந்து பந்தை முன்னே சுமந்து சென்றார். 22 ஆட்டங்களின் முடிவில் 20 புள்ளிகளுடன், கடைசி மூன்று இடங்களான கீழிறக்கப் பகுதிக்கு வெளியே நின்றார்கள்.

மீதமிருந்த 16 ஆட்டங்களில் அவர்கள் சேர்த்தவை 6 புள்ளிகள் மட்டுமே. முதல் 22 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 42. கடைசி 16இல் 43. கண்ணைக் கவர்ந்த அதே நெருக்கு ஆட்டத்துக்குக் களைப்பறியாத கால்களும், காயமுற்றவர் இடத்தில் நிற்க அதே தரத்தில் மாற்று வீரர்களும் தேவை. லூட்டனிடம் இரண்டாவது இல்லை. பிப்ரவரியில் அடபாயோ தொடைக் காயத்தால் விலகினார். தற்காப்பில் ஒருவர் பின் ஒருவராகக் காயமடைந்தார்கள். கைவிடப்பட்ட போர்ன்மத் ஆட்டம் மார்ச் 13 அன்று முதலிலிருந்து மறுபடி நடந்தபோது இடைவேளையில் லூட்டன் 3-0 என்று முன்னிலை. முடிவில் 4-3 என்று தோல்வி. இரண்டாம் பாதியில் அவர்கள் முன்னிலையைக் காப்பதா, தொடர்ந்து நெருக்குவதா என்ற தெளிவின்றி ஆடினார்கள். சொந்த மண்ணில் பிரென்ட்ஃபோர்டிடம் 5-1 என்று தோற்றதைச் சிக்கனத்தால் மட்டும் விளக்க முடியாது. எட்வர்ட்ஸ் துணிச்சலானவர், ஆனால் எப்போது துணிச்சலைக் குறைக்க வேண்டும் என்பதில் அவரது கணிப்பு அந்த வசந்தகாலத்தில் தவறியது.

இங்கேதான் முதல் 26 திரும்ப வருகிறது. அதே பருவத்தில் பிரீமியர் லீகின் நஷ்ட வரம்பை மீறியதற்காக எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்து, இன்னொரு மீறலுக்காக மேலும் 2 கழிந்தன. ஃபாரஸ்டுக்கு 4 கழிந்தது. கழித்த பிறகும் எவர்ட்டன் 40 புள்ளிகளுடனும் ஃபாரஸ்ட் 32 புள்ளிகளுடனும் தப்பித்தார்கள். தண்டித்த அமைப்புகள் வேறு, விதிகள் வேறு என்பதை நான் மறக்கவில்லை. 2008இன் தராசையும் 2024இன் தராசையும் ஒன்றாக வைக்க முடியாது. இருந்தும், முந்தியவர்களின் பிழைக்காக 30 புள்ளி இழந்து வீதிக்கு வந்த கழகம், தன் வரவுக்குள் செலவழித்து நின்றபோது, அளவு மீறி நஷ்டம் கண்டதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட இரு கழகங்களுக்கும் கீழே முடித்தது என்ற உண்மையை லூட்டன் ரசிகர் ஒருவர் அமைதியாக ஏற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. தம்மைவிட ஃபாரஸ்ட் நன்றாக ஆடியது என்பதையும் அவர் மறுக்க முடியாது. கழிவே இல்லாவிட்டால் இடைவெளி 6 அல்ல, 10.

அந்த ஆண்டு ஏறிவந்த மூன்று கழகங்களும், அதாவது பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட், லூட்டன், ஒன்றாகவே இறங்கின. 1997-98க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு ஏறியவர்களும் மூவருமாக இறங்கினார்கள். பர்ன்லி லூட்டனைவிடப் பல மடங்கு செலவழித்து 24 புள்ளியுடன் லூட்டனுக்குக் கீழே முடித்தது. ஆகவே அதிகம் செலவழித்திருந்தால் லூட்டன் பிழைத்திருக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

சிக்கனமே காத்துவிடும் என்ற மறுவாதமும் நிற்கவில்லை. கீழிறங்கும் கழகங்களுக்கு வழங்கப்படும் பாராசூட் தொகை கையில் இருந்தும் 2024-25இல் லூட்டன் தடுமாறியது. ஜனவரியில் எட்வர்ட்ஸ் விலகினார். 2025 மே 3 அன்று வெஸ்ட் புராமிச்சிடம் 5-3 என்று தோற்று மூன்றாம் அடுக்குக்குப் போனார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 2024 டிசம்பரில், நகரின் நடுவே பவர் கோர்ட் என்னும் இடத்தில் 25,000 பேர் அமரும் புதிய அரங்குக்கு நகர மன்றம் ஒப்புதல் அளித்திருந்தது. கெனில்வொர்த் ரோட்டைப்போல் இரு மடங்கு பெரிய அந்த அரங்கில் முதல் ஆட்டம் எந்த அடுக்கில் நடக்கும் என்பதை இப்போது கழகத்தின் நிர்வாகிகளாலும் சொல்ல முடியாது.