சொல்லத் துணிந்தவர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தைரியத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் வேலை பார்ப்பது அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்னும், முடிவு வந்த பிறகும் உட்கார்ந்து பேசுகிற ஆலோசகர் வேலை. அங்கே பார்த்த தைரியத்தைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொற்று உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில், வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்து பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கும். வாங்கியதும் பலர் ஓரமாக நின்று, டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பார்கள். சிலர் உள்ளே பஞ்சைத் திணிப்பார்கள். பஸ்ஸில் பை குலுங்கும்போது மாத்திரைச் சத்தம் பக்கத்து சீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே. சொந்த ஊரிலேயே மையம் இருந்தும், அடுத்த மாவட்டத்துக்குப் போய் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு.

இவர்களைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தனித் தட்டு, தனி டம்ளர். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். கணவன் மூலம் தொற்று வந்த பெண்ணையே, அவன் இறந்ததும், "உன்னாலதான் போனான்" என்று வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதன் பிறகு பல வருடம் இந்த நோய் ஒரு கெட்ட பெயராகவே ஊரில் உலவியது. அந்தக் காலத்தில் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா என்ற இளம்பெண்ணுக்கு, 1995இல், கல்யாணமான சில வாரங்களிலேயே தனக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. அவர் அதை மறைத்து வைக்கவில்லை. முகத்தை மூடாமல், பெயரை மாற்றாமல் வெளியே வந்து பேசினார். 1998இல் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்காகப் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்ததோ 2004இல்தான். அதாவது ஏழைகளுக்கு மருந்தே எட்டாத நாளில் அவர் பேசினார்.

அப்படிச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தன்னை எந்த இடத்தில் அடித்தால் அதிகம் வலிக்கும் என்பதை, அடிக்கக் கூடியவருக்கே ஒருவர் காட்டுகிறார். அடிக்க மாட்டார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. நான் மதிக்கிற தைரியம் இதுதான். பலவீனத்தை ஜெயித்துவிட்டு வருகிற தைரியம் இல்லை இது, அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிற தைரியம்.

மேடையில்தான் பேச வேண்டும் என்றில்லை. ஒரு பெண் என்னிடம், "அக்கா, எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினாள். நான் சொல்லவில்லை. எப்படிப் பேச்சை ஆரம்பிக்கலாம், அம்மா அழுதால் என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் பேசிப் பார்த்தோம். அப்புறம் அவளே சொன்னாள். அந்த அம்மா வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "மாத்திரையை எத்தனை மணிக்குப் போடணும்?" என்று கேட்டார்களாம். எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. இன்னொருவர் தன் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணனிடம் சொன்னவர் காட்டிய தைரியம் அந்தப் பெண்ணுடையதைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

அதனால்தான் யாரையும் "தைரியமா வெளியே சொல்லு" என்று நான் தள்ளிவிடுவதில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவரவர் முடிவு. வாழ்க்கைத் துணையின் உடல்நலமும் இதில் இருப்பதால், அவரிடம் சொல்வதற்குக் கூடவே இருந்து உதவுவோம். ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, அடுத்தவரின் தொற்று விவரத்தை வெளியே சொல்லக் கூடாது, இதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்கவும் கூடாது.

கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்று பரவாது. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ என்றைக்குமே பரவியதில்லை. உங்களிடம் யாராவது சொன்னால், "எப்படி வந்தது?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது சந்தேகமோ பயமோ இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை. பெயரைச் சொல்லாமலே பேசலாம். பக்கத்தில் நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.