76 இருக்கைகளுக்காக நடக்கும் சண்டை

(தொழிற்சங்க நண்பர்களின் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நண்பர்களே, வணக்கம்.

உங்களில் சிலர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருப்பீர்கள். சிகாகோவிலோ டல்லஸிலோ இறங்கி, அங்கிருந்து ஒரு சின்ன ஜெட்டில் மாறிப் போயிருப்பீர்கள். அதன் மேல் யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்றோ டெல்டா கனெக்‌ஷன் என்றோ எழுதியிருக்கும். டிக்கெட் விற்றது பெரிய கம்பெனி. ஆனால் விமானத்தை ஓட்டுபவருக்குச் சம்பளம் கொடுப்பது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற வேறொரு கம்பெனி. கொரோனாவுக்கு முன்பு அந்த நாட்டின் உள்நாட்டு விமானப் புறப்பாடுகளில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு இந்த வகைதான்.

அந்த விமானிகளின் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை பற்றித்தான் இன்று பேச வந்தேன். எவ்வளவு சம்பளம் என்பதையும், அந்த வேலையை யார் செய்வது என்பதையும் தனித்தனியாகப் பேரம் பேச முடியாது. பேசிய இடமெல்லாம் தொழிலாளிக்குத்தான் நஷ்டம். முப்பது வருட வரலாறு இதைக் காட்டுகிறது.

ஆரம்பத்தில் இது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. 1978-ல் விமானத் துறையின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு போனது. சிற்றூர்களுக்குப் போகும் 19 இருக்கை, 30 இருக்கை புரொப்பெல்லர் விமானங்களைப் பெரிய கம்பெனிகள் வெளியாருக்குக் கொடுத்தன. பெரிய ஜெட் ஓட்டியவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1990-களில் கனடாவின் பம்பார்டியரும், பின்னால் பிரேசிலின் எம்ப்ரேயரும் 50 இருக்கை ஜெட்டைக் கொண்டுவந்தன. அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள். இனி தங்கள் தடங்களிலேயே வெளிக் கம்பெனி பறக்கும் என்று புரிந்தது. எத்தனை இருக்கை, எவ்வளவு எடை, எத்தனை விமானம் வரை வெளியே கொடுக்கலாம் என்று வரம்பு கட்டும் பிரிவு ஒப்பந்தங்களில் முக்கியமானது. அதை ஸ்கோப் பிரிவு என்கிறார்கள்.

1997 பிப்ரவரி 15 நள்ளிரவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளமும் காரணம். ஆனால் சண்டையின் மையம், புதிதாக வாங்கும் சிறிய ஜெட்டுகளைத் தாங்களே ஓட்டுவதா, துணைக் கம்பெனியான அமெரிக்கன் ஈகிளின் விமானிகள் ஓட்டுவதா என்பது. சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் அவசரக் குழு அமைத்து வேலைநிறுத்தத்தை நிறுத்திவிட்டார். 1926-ல் ரயில்வேக்கு எழுதி, 1936-ல் விமானத்துக்கும் நீட்டிய சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. புதியது வரும்வரை பழைய சம்பளம்தான். அரசின் மத்தியஸ்த வாரியம் கைவிட்ட பிறகு, இன்னும் 30 நாள் காத்திருந்துதான் வேலைநிறுத்தம் செய்யலாம். வருடக்கணக்கில் இழுக்கலாம், நிர்வாகத்துக்கு அவசரமில்லை. கடைசியில் சில வரம்புகளோடு அந்தச் சிறிய ஜெட்டுகள் ஈகிளுக்கே போயின.

2001 செப்டம்பருக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. 2002 டிசம்பரில் யுனைடெட், 2005 செப்டம்பரில் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும், 2011 நவம்பரில் அமெரிக்கன் என்று திவால் நீதிமன்றப் படி ஏறின. அங்கே நீதிபதி அனுமதித்தால் நிர்வாகம் தொழிலாளர் ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம். அந்த மிரட்டலின் நிழலில் சம்பளம் வெட்டப்பட்டது. யுனைடெட்டிலும் டெல்டாவிலும் விமானிகளின் ஓய்வூதியத் திட்டமே போனது. கூடவே வெளியே கொடுக்கும் வரம்பு 50-லிருந்து 70, அப்புறம் 76 இருக்கை என ஏறியது. இழந்த சம்பளத்தில் கொஞ்சமாவது மீட்கலாம் என்று வரம்பை விட்டுக்கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் இருப்பவனுக்குப் பத்து வருடம் கழித்து வரும் ஆபத்து கண்ணில் படாது. ஆனால் வெளியே போகும் 76 இருக்கை விமானம் ஒவ்வொன்றாலும் அவருடைய கம்பெனியில் கேப்டன் பதவிகள் குறைகின்றன.

அந்த வரம்புக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். யுனைடெட்டுக்காக ஓடும் சிஆர்ஜே-550 விமானம், 70 பேர் உட்காரும் உடலுள்ளது. அதில் 50 இருக்கை மட்டும் போட்டு, மிச்ச இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரியும் தின்பண்ட மேசையும் வைத்தார்கள். 70, 76 இருக்கை விமானங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, அதற்கு மேல் 50 இருக்கைதான் என்று ஒப்பந்தத்தில் இருந்ததுதான் காரணம். எடை வரம்பு 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39 டன். அதைத் தாண்டியதால் எம்ப்ரேயரின் புதிய இ175-இ2 ரகத்தை அமெரிக்காவில் வாங்க ஆளில்லை.

இனி சின்னக் கம்பெனிக்குள் போவோம். எனக்கு அதிகம் வலிக்கும் இடம் இது. அங்கே டிக்கெட் விலை, நேர அட்டவணை எல்லாமே பெரிய கம்பெனி முடிவு செய்கிறது. பெரும்பாலும் எரிபொருள் செலவும் அதன் கணக்குதான். இவர்களுக்குப் பறப்பதற்கு இவ்வளவு என்று தொகை வரும். ஆகவே குறைக்கக்கூடிய பெரிய செலவு ஊழியர் சம்பளம். ஊழியரின் சர்வீஸ் வருடங்கள் கூடக்கூடச் சம்பளம் கூடும். அனுபவசாலிகள் அதிகமுள்ள கம்பெனி விலை அதிகமான கம்பெனியாகிவிடும். அடுத்த டெண்டரில் வேலை வேறொருவருக்குப் போய்விடும். வேலை போனவர் புதுக் கம்பெனியில் சேர்ந்தால் சீனியாரிட்டி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபது வருடம் ஓட்டியவரும் பட்டியலில் கடைசி ஆள்தான்.

கோம்ஏர் அப்படி ஒரு கம்பெனி. சின்சினாட்டியை மையமாகக் கொண்டது, டெல்டாவுக்குச் சொந்தமானது. 2001 மார்ச் 26-ல் அதன் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கி 89 நாள் தாங்கி நின்றார்கள். ஜெயித்தார்கள், சின்னக் கம்பெனிகளிலேயே நல்ல ஒப்பந்தம் வாங்கினார்கள். பிறகு டெல்டாவின் பறப்பு வேலை கொஞ்சம் கொஞ்சமாக மலிவான கம்பெனிகளுக்கு நகர்ந்தது. 2012 செப்டம்பரில் கோம்ஏர் மூடப்பட்டது. வென்ற சம்பளமே அவர்களுக்கு எதிரான கணக்காக மாறியது.

2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானத்தில் எழுதியிருந்த பெயர், பெரிய கம்பெனியான கான்டினென்டலின் கான்டினென்டல் கனெக்‌ஷன். கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. சரி. ஆனால் அந்த விசாரணையில் வெளிவந்ததை நாடே கேட்டது. துணை விமானி கிழக்குக் கரை நியூவார்க்கில் வேலைக்கு வர, மேற்குக் கரை சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் வந்திருக்கிறார். வேலையிடத்துக்கு அருகே ஒரு அறை எடுக்கக்கூடக் கட்டாத சம்பளம். அந்தக் காலத்தில் சின்னக் கம்பெனிகளில் துணை விமானிக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டித்தான் கிடைத்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டன் போய் நின்றதால் 2010-ல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும்.

கொரோனாவில் ஏராளமானோர் ஓய்வு பெற்றார்கள். ஆள் தட்டுப்பாடு வந்தது. 2022 ஜூனில் அமெரிக்கனின் துணைக் கம்பெனிகள் முதல் வருடத் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் அறிவித்தன. 2023-ல் டெல்டா விமானிகள் 34 சதவீதம் உயர்வு பெற்றார்கள், யுனைடெட்டும் அமெரிக்கனும் நான்கு ஆண்டுகளில் 40 சதவீதம் அளவுக்குக் கொடுத்தன. முக்கியமாக, 76 என்ற எல்லை அசையவில்லை.

எனக்கு இதில் சந்தோஷம்தான், ஆனால் முழுத் திருப்தி இல்லை. சின்னக் கம்பெனியில் சம்பளம் ஏறியது ஆள் கிடைக்காததால். அந்த 90 டாலரில் ஒரு பகுதியைத் தற்காலிகம் என்றுதான் அப்போது எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கோப் பிரிவு பெரிய கம்பெனி விமானியைக் காக்கிறது. வரம்புக்கு வெளியே நிற்பவரை அது காப்பதில்லை. கோம்ஏர் விமானிகள் சிலர், டெல்டா விமானிகளுக்கும் பொதுவான தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டதற்கு இதுதான் காரணம். ஒரே பெயரின் கீழ் பறக்கும் எல்லோருக்கும் ஒரே சீனியாரிட்டிப் பட்டியல் என்று சங்கங்கள் கேட்க வேண்டும். டெண்டர் எங்கே போனாலும் ஆளின் சர்வீஸ் அவரோடு போகட்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, சதவீதத்தைப் பேசுவதற்கு முன்பு இதை மேசையில் வைக்க வேண்டும்.