இந்த டைமர் அடிக்கவே போறதில்லை

[காட்சி: லிட்டில் இந்தியா எம்ஆர்டி மேடை, கையில் கைப்பேசி]

வணக்கம். ரயிலுக்கு நிக்கிற நேரத்துல அம்மாவுக்கு ஒரு படம் அனுப்புறீங்க. ஆண்ட்ராய்டு கைப்பேசின்னா உள்ளே ஓடுறது லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தோட மையப்பகுதி. படத்தோட ஒரு துண்டை அனுப்புனதும் அது ஒரு டைமர் வைக்கும்: பதில் வரலைன்னா திரும்ப அனுப்பணும். பெரும்பாலும் பதில் வந்துடும், டைமர் ரத்தாயிடும்.

கெர்னல்ல நெட்வொர்க், டிஸ்க் வேலைக்கு வைக்கிற டைமர்ல பெரும்பாலானது இப்படி அடிக்காமலே போறதுதான். இதை மனசுல வச்சுக்குங்க.

[காட்சி: வீவக புளோக் கீழே தபால் பெட்டி வரிசைகள்]

டைமர்களைப் பெட்டி பெட்டியாப் போட்டு வைக்கிற அமைப்புக்கு டைமர் வீல்னு பேர். பழைய வீல்ல அஞ்சு வரிசை. அடிவரிசைல 256 பெட்டி, மத்த நாலுலயும் 64, 64. சீக்கிரம் அடிக்க வேண்டியது கீழே, நாளாகுறது மேலே. அடிவரிசை ஒரு சுத்து முடிஞ்சதும், மேல்வரிசைல அடுத்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு டைமரையும் கீழே பிரிச்சுப் போடணும். பத்து இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் ஒரே மூச்சுல. இதுதான் கேஸ்கேட். இவ்வளவு பாடும் துல்லியத்துக்காக. ஆனா கீழே இறக்கின டைமர்ல பாதிக்கு மேல ரத்தாகத்தான் போகுது!

2016-ல், லினக்ஸ் 4.8 பதிப்புல, கெர்னல் நிரலாளர் தாமஸ் கிளைக்ஸ்னர் இந்த இறக்குற வேலையையே தூக்கிட்டார். டைமர் போட்ட பெட்டிலயே கடைசிவரை கிடக்கும்.

அதுக்கு ஒரு விலை உண்டு. புது வீல்ல ஒவ்வொரு வரிசை ஏறும்போதும் பெட்டிகளுக்கு நடுவுல இடைவெளி எட்டு மடங்காகும். கெர்னலோட கடிகாரம் நொடிக்கு 1000 தடவை துடிச்சா 1, 8, 64, 512 மில்லிநொடி, இப்படி. பத்து நொடி டைமர் 512 மில்லிநொடி வரிசைல விழும், அரை நொடி வரைக்கும் பிந்தலாம். முந்தி மட்டும் அடிக்காது. எவ்வளவு மோசமானாலும் பிழை வச்ச நேரத்துல 12.5 சதவீதம்தான்.

இணைப்பு அறுந்துடுச்சுன்னு பத்து நொடில தெரிஞ்சா என்ன, பத்தரை நொடில தெரிஞ்சா என்ன? இந்தக் கேள்வியைத் துணிஞ்சு கேட்டதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம்.

துல்லியம் நிஜமாவே வேணும்னா ஹெச்ஆர்டைமர்னு கெர்னல்லயே இன்னொரு டைமர் அமைப்பு இருக்கு. 2006-ல 2.6.16 பதிப்புலயே வந்துடுச்சு. டைமர்களை நேரவரிசைப்படி, மரம் மாதிரி கிளை பிரியுற ஒரு அமைப்புல அடுக்கி வச்சிருக்கும். அது பக்கத்துல இருந்ததாலதான் வீலைத் தளர்த்த முடிஞ்சது.

[காட்சி: ரயில் வருகிறது, கைப்பேசி பைக்குள் போகிறது]

இன்னொரு லாபமும் கிடைச்சது. எந்தெந்தப் பெட்டில டைமர் இருக்குன்னு பிட்மேப், அதாவது பெட்டிக்கு ஒரு 0 இல்லைன்னா 1 குறிச்ச பட்டியல், காட்டிடும். அடுத்தது எப்போன்னு பெட்டி பெட்டியாத் தேட வேண்டாம். அதுவரைக்கும் சிபியு தூங்கலாம், பேட்டரி மிச்சம்.