டம்ளரில் ஊறும் பல்செட்

நேயர்களுக்கு வணக்கம். ராத்திரி பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுப் படுக்கிறோம். அந்த டம்ளரில் என்ன ஊற்றுகிறோம்? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். குறிப்பாக, கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட், அதாவது உலோகத் திருகு, பொருத்தி, அதன்மேல் மாட்டிக் கழற்றும் செட் போட்டிருப்பவர்களுக்கு.

குழந்தைச் சட்டையில் டிச் பட்டன் இருக்குமே, அதே ஏற்பாடுதான். தாடையில் ஒரு உலோகக் குமிழ். செட்டின் அடிப்பக்கம் சின்ன உலோகக் கிண்ணம், அதற்குள் ஒரு நைலான் துண்டு. மாட்டும்போது 'டக்' என்று கேட்கிறதே, குமிழில் அந்த நைலான் பிடிக்கிற சத்தம் அது. லொக்கேட்டர் என்கிற பட்டன் வகையில் நைலானின் நிறத்தைப் பார்த்தே பிடிமானம் தெரியும். நீலம் சுமார் 0.7 கிலோ இழுவையைத் தாங்கும், இளஞ்சிவப்பு 1.4, நிறமற்றது 2.3. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய துண்டுதான். ஆனாலும் இட்லி மெல்லும்போது கீழ்செட்டு தூக்காமல் இருப்பது அதனால்தான்.

இப்போது ப்ளீச்சுக்கு வருகிறேன். துணி வெளுக்கிற, தரை துடைக்கிற சோடியம் ஹைப்போகுளோரைட். கறை போகும், கிருமி சாகும், விலையும் மலிவு. அதனால்தான் கை அங்கே போகிறது. ஆனால் குளோரின் நைலானைத் தின்னும். ஆறு மாதம் தினமும் ஊறியதற்குச் சமமாக இளஞ்சிவப்பு நைலானை ஊறவைத்து, பிறகு இழுத்துப் பார்த்த ஆய்வகச் சோதனை உண்டு. நீர்த்த ப்ளீச்சில் ஊறியவை பிடிமானத்தை வெகுவாக இழந்தன. பல்செட்டைச் சுத்தம் செய்யத் தண்ணீரில் கரைக்கும் மாத்திரைகளில் ஊறியவை வெறும் தண்ணீரில் கிடந்தவற்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. இம்ப்ளாண்ட் ஆடுகிறது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. பல சமயம் தாடையில் ஒரு குறையும் இருக்காது, தேய்ந்தது நைலான்தான்.

அதே சோதனையில் லிஸ்டரினில் ஊறியவை இன்னும் இறுகிப்போயின. இறுகினால் நல்லதுதானே என்று தோன்றும். கழற்றுவதற்குள் நகம் பெயரும்! வாத நோயில் விரல் மடங்காத பாட்டிக்கு அது நல்லதல்ல. வாய் கொப்பளிக்கிற மருந்து வாய்க்கு, செட்டுக்கு அல்ல.

சாதாரண அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக், செட்டுக்கே ப்ளீச்சில் ஊறுவது 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று செயற்கைப் பல் நிபுணர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ப்ராஸ்தடான்டிஸ்ட்ஸ் 2011இல் வழிகாட்டியது. செட்டில் உலோகக் கொக்கி இருந்தால் அதை ப்ளீச் அரிக்கும். நைலான் இருந்தால் ப்ளீச் வேண்டவே வேண்டாம் என்பேன். மறுபடியும் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம்.

என்ன செய்யலாம்? சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கழுவுங்கள். இரவில் மென்மையான பிரஷ்ஷும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டும் போதும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறும். கிண்ணத்துக்குள்ளும் தேயுங்கள், சோற்றுப் பருக்கை அங்கேதான் ஒளியும். கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் மாத்திரையைப் போட்டு, அட்டையில் போட்டிருக்கும் நேரம் மட்டும் ஊறவிடுங்கள். கொதிநீர் ஊற்றினால் செட்டே கோணும். பிறகு ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சில மாத்திரைகளில் பெர்சல்பேட் என்கிற ரசாயனம் இருக்கிறது, சிலருக்கு ஒவ்வாமை வரும். அந்தத் தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். மாட்டும் முறை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒரு வரியில் முடிக்கிறேன். செட்டைக் கடித்து உட்கார வைக்காதீர்கள், நைலான் கிழியும். விரலால் இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். 'டக்' சத்தம் குறைந்துவிட்டால், செட்டையே மாற்ற வேண்டுமோ என்று கலங்காமல் பல் மருத்துவரிடம் போங்கள். நைலானை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட, ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். வீட்டில் ஊசியால் மட்டும் நோண்டிவிடாதீர்கள். வணக்கம்.