வாசலுக்கு வெளியே உள்ள இடம்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ், ஓப்ரா எஸ்டேட் போன்ற தரைவீட்டுப் பேட்டைகளில் அக்கம்பக்கத்தார் முறைத்துக்கொள்வதற்குக் கார் நிறுத்தும் இடமும் ஒரு காரணம். உங்கள் நிலம் எல்லைச் சுவரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள புல்தரை, சாலை எல்லாம் பொது இடம். ஆகவே பூந்தொட்டியோ ஆரஞ்சுக் கூம்போ வைத்து இடம் பிடிக்க முடியாது. நிலப் போக்குவரத்து ஆணையம் அகற்றச் சொல்லும். அடுத்த தெருக்காரர் உங்கள் மதிலோரம் நாள் முழுக்கக் காரை விட்டுவைத்தாலும், அங்கே தடைக்கோடு இல்லை, உங்கள் வாசலையும் மறைக்கவில்லை என்றால், அவர்மேல் தப்புச் சொல்ல வழியில்லை. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்.

கோடுகளுக்கு வருவோம். சாலை நடுவே விடாமல் ஓடும் ஒற்றை வெள்ளைக் கோட்டைப் பலரும் போக்குவரத்தைப் பிரிக்கும் கோடு என்று மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோடு இருந்தால் சாலையின் இரு பக்கமும் எந்நேரமும் நிறுத்தக்கூடாது. ஓரத்தில் ஒற்றை மஞ்சள் கோடு இருந்தால் காலை 7 முதல் இரவு 7 வரை தடை. ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. தீபாவளியன்று வரும் விருந்தினர் அங்கே நிறுத்தலாம், முதல் நாள் ஞாயிறாக இல்லாவிட்டால் அன்று பகலில் பலகாரம் கொண்டு வருபவர் நிறுத்தக்கூடாது. இரட்டை மஞ்சள் கோட்டுக்கு விலக்கே கிடையாது.

கோடே இல்லாவிட்டாலும் சந்திப்பிலிருந்து 6 மீட்டருக்குள் நிறுத்துவது குற்றம். மூலைவீட்டுக்காரர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சாலையின் அகலம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் 1.8 மீட்டர் அகலக் கார்கள் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2.4 மீட்டர். பெரிய வண்டிகளின் அகலம் 2.5 மீட்டர் வரை போகும். அவசரத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்தால் எப்படி நுழையும்?

ஆகவே கேட்டுக்கு உள்ளே உள்ள இடத்தை ஒழுங்காக அளந்து பாருங்கள். கார் நிறுத்துமிடங்களில் ஒரு லாட்டின் அளவு 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். வீட்டுப் போர்ச் 6 மீட்டர் நீளம் இருந்தால் தாராளம் என்று தோன்றும். ஆனால் கேட்டின் ஒவ்வொரு கதவும் 1.8 மீட்டர் அகலத்தில் உள்ளே திறந்தால் மிஞ்சுவது 4.2 மீட்டர்தான். 4.6 மீட்டர் நீளக் காரை உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்த முடியாது. வெளிப்பக்கம் திறக்கலாமா என்றால், கதவு சாலைப் பகுதிக்குள் நீட்டக்கூடாது. சறுக்கு கேட்டும் எல்லாருக்கும் பொருந்தாது: 3.6 மீட்டர் திறப்புக்குப் பக்கத்திலும் அதே 3.6 மீட்டர் சுவர் வேண்டும். 6 மீட்டர் முகப்புள்ள இடைவரிசை வீட்டில் அதற்கு இடமில்லை. அங்கே மடிப்புக் கேட்தான் சரிப்படும். காரின் பின்கதவு மேலே தூக்குகிறபோது கூரையில் இடிக்கிறதா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது காருக்காக வாசலை அகலப்படுத்த நினைத்தால், வடிகால் மேல் போட்ட பலகை, விளக்குக்கம்பம், சாலையோர மரம் இவற்றை முதலில் பாருங்கள். முன்கூட்டியே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், மரம் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தையும் கேட்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற கட்டட ஒப்பந்தக்காரரை நம்பி உடைக்கத் தொடங்காதீர்கள். நடைபாதை விளிம்பில் கார் ஏறுவதற்காக இரும்புச் சரிவு வைப்பதும் வேண்டாம். மழைநீர் தேங்கிக் கொசு வளரும்.

மின்கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். பழைய ஒற்றை ஃபேஸ் வீட்டில் ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் கூடவே ஓடினால் மெயின் சுவிட்ச் விழக்கூடும். உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் சுமையைக் கணக்கிடச் சொன்ன பிறகு சார்ஜரை வாங்குங்கள். 2023 டிசம்பர் 8 முதல் அங்கீகரிக்கப்பட்ட சார்ஜர்களுக்கு மட்டுமே அனுமதி. கார் சாலையில் நின்றால் நடைபாதைக்குக் குறுக்கே கேபிள் இழுத்துப் போடாதீர்கள்.

கனரக லாரி இரவில் வீட்டு வாசலில் தங்கினால் அது வேறு விஷயம். 5,000 கிலோவுக்கு மேற்பட்ட அதிகபட்சச் சுமையெடை (வண்டியும் சுமையும் சேர்ந்த எடை) உள்ள லாரிக்குத் தனி நிறுத்துமிடச் சான்றிதழும், அதற்கென ஒதுக்கிய இடமும் வேண்டும். புகார் தர ஒன்சர்விஸ் செயலி இருக்கிறது. படம் எடுக்கும்போது நம்பர் பிளேட்டும் தரையில் உள்ள கோடும் ஒரே படத்தில் விழ வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டால் அது எந்த வண்டி, எந்தத் தடை என்று நிறுவுவது கடினம்.