கல்லூரிக்கு வந்தபின் எழுதக் கற்பவர்கள்: நியூயார்க் முதல் பால்டிமோர் வரை

[திரையில்: கோடு போட்ட தாளில் கையெழுத்தாக ஒரு வாக்கியம்: 'ஹி டிட் நாட் வென்ட் டு காலேஜ்']

இந்த வாக்கியத்தைத் திருத்தச் சொன்னால் பலரும் என்ன செய்வோம்? 'வென்ட்' மேல் சிவப்பாக ஒரு கோடு, பக்கத்தில் 'கோ'. ரெண்டு நொடி வேலை. அடுத்த தாள்.

கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். எழுதிய மாணவருக்கு இது முடிந்துபோன விஷயம் என்று தெரிகிறது. 'கோ'வுக்கு இறந்தகாலம் 'வென்ட்' என்று தெரிகிறது. இல்லை என்று சொல்ல 'டிட் நாட்' வேண்டும் என்பதும் தெரிகிறது. தெரியாதது ஒன்றுதான்: 'டிட்' வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வரும் வினை காலம் காட்டாது. ஆக, தப்பு இருக்கிறது; ஆனால் அந்தத் தப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியல் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டிலும் இதே வாக்கியத்தைப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை நடந்தது நியூயார்க்கில்.

[திரையில்: 1969, ஹார்லம். சிட்டி காலேஜின் கல் கட்டடங்கள்]

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் ஒன்றான சிட்டி காலேஜ் இருப்பது அந்த நகரத்தின் ஹார்லம் பகுதியில். அப்போது அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் அக்கம்பக்கத்துக் கறுப்பின, புவர்ட்டோ ரிக்கப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. 1969 ஏப்ரலில் மாணவர்கள் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 1975-இல் கொண்டுவரலாம் என்று பல்கலைக்கழகம் தள்ளி வைத்திருந்த திட்டம் 1970-க்கே வந்துவிட்டது. நகரத்தில் பள்ளி இறுதி முடித்த யாருக்கும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உண்டு. முந்தைய ஆண்டு சுமார் 20,000 பேர் சேர்ந்த முதலாண்டு வகுப்பில் அந்த ஆண்டு சுமார் 35,000 பேர்.

கதவு திறந்தாயிற்று. உள்ளே இருந்த பேராசிரியர்களுக்குத்தான் கை ஓடவில்லை. பன்னிரண்டு வருஷம் பள்ளியில் படித்தும் ஒரு பத்தியை முழுசாக எழுதிப் பழகாதவர்களை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. 'இவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியாது' என்று சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

[திரையில்: மேசை நிறைய விடைத்தாள்கள்]

அங்கே எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர் மினா ஷாக்னெஸி. 1970 முதல் 1974 வரை புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதிய நுழைவுக் கட்டுரைகள் சுமார் 4,000-ஐ எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பெண் போடுவதற்காக இல்லாமல், இந்தப் பிழை இங்கே ஏன் வந்தது என்று கேட்டுக்கேட்டுப் படித்தார். அதிலிருந்து 1977-இல் ஒரு புத்தகம் வந்தது. கல்லூரிக்கு வந்தபின் எழுதக் கற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தத் துறையே அதிலிருந்துதான் தொடங்கியது என்று சொன்னால் பெரிதாக யாரும் மறுக்க மாட்டார்கள். அவர் சொன்னதன் சாரம்: இவர்கள் மந்தமானவர்கள் அல்ல, புதியவர்கள், எதையும் புதிதாகக் கற்கிறவர் தப்பு செய்துதான் கற்பார். அடுத்த ஆண்டே, 54 வயதில், அவர் இறந்துவிட்டார். இலவசக் கல்வியோ அதற்கும் முன்பே, 1976-இல், நகரத்தின் நிதி நெருக்கடியில் முடிந்துபோயிருந்தது.

அதற்குப்பின் அமெரிக்கா முழுக்க நடந்தது வேறு. பிழையைப் படிப்பதைவிட மாணவரைப் பிரித்து உட்கார வைப்பது சுலபமாக இருந்தது. ஒரு நுழைவுத் தேர்வு. அதில் குறைந்தால் 'அடிப்படை வாசிப்பு', 'அடிப்படை எழுத்து' என்று படிப்படியாகத் தனி வகுப்புகள். அவற்றை முடித்தால்தான் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் முதல் ஆங்கிலப் பாடம். கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது.

[திரையில்: 100 → 80 → 64 → 51]

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்கள். மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 80 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் மிஞ்சுவது 51 பேர். தேறியும் அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், வேலை நேரம் ஒத்துவராதவர்கள், 'நமக்கு இது சரிப்படாது' என்று ஒதுங்கியவர்கள் இதில் சேரவே இல்லை. ஒவ்வொரு ஆசிரியரும் நன்றாகவே நடத்தியிருக்கலாம். படிகளின் எண்ணிக்கையே ஆளைக் கழித்துவிடுகிறது.

மேரிலாந்தில், பால்டிமோர் கவுன்டி சமுதாயக் கல்லூரியில் (அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஒன்று) பீட்டர் ஆடம்ஸ் என்ற ஆசிரியர் இதைக் கவனித்தார். 2007-இல் அவரும் சக ஆசிரியர்களும் படியையே எடுத்துவிட்டார்கள். இருபது பேர் உட்காரும் முதல் ஆங்கில வகுப்பில் பன்னிரண்டு பேர் வழக்கம்போல் வந்தவர்கள். எட்டுப் பேர், பழைய முறையில் 'கீழே' அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர்கள். பாடம் எல்லாருக்கும் ஒன்றே. வகுப்பு முடிந்ததும் அந்த எட்டுப் பேர் மட்டும் அதே ஆசிரியரோடு இன்னொரு வகுப்பில் உட்காருவார்கள். இன்று நடந்த பாடத்தில் புரியாதது, நாளை கொடுக்க வேண்டிய கட்டுரையின் வரைவு, சில நாள் வேலை ஷிஃப்ட், பேருந்து, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது வரை பேச்சு போகும். படிப்பை விடுகிறவர்கள் இலக்கணத்தால் மட்டும் விடுவதில்லை என்பதை இந்தத் திட்டம் புரிந்துகொண்டதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2012-இல் கணக்கெடுத்தபோது, பழைய முறையில் போனவர்களைவிட இவர்கள் முதல் ஆங்கிலப் பாடத்தில் தேறிய விகிதம் ஏறத்தாழ இரு மடங்கு. கலிஃபோர்னியா 2017-இல் சட்டமே போட்டது: நுழைவுத் தேர்வை நம்பி மாணவரைக் கீழே தள்ளக் கூடாது, பள்ளி மதிப்பெண்ணைப் பாருங்கள், ஓராண்டுக்குள் கல்லூரி அளவிலான ஆங்கிலத்தை முடிக்க வழி செய்யுங்கள். அங்கே இன்றும் வாதம் ஓயவில்லை. கூடுதல் நேரத்தைக் கொடுக்காமல் மேல் வகுப்பில் மட்டும் உட்கார வைத்தால், அது வேறு மாதிரிக் கைகழுவல்.

[திரையில்: ஒரே கட்டுரையின் இரண்டு நகல்கள், ஒரு பென்சில்]

சரி, அந்தக் கூடுதல் நேரத்தில் என்ன செய்வது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்தலமே 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மாணவர் தன் கட்டுரையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆசிரியர் இன்னொரு நகலில் கண் வைத்துக் கேட்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது.

தாளில் 'வென்ட்' இருக்கும். வாய் 'கோ' என்று வாசிக்கும். மாணவருக்குத் தான் மாற்றி வாசித்ததே தெரியாது. அங்கே ஒரு புள்ளி வையுங்கள். வாசிக்கும்போதே 'ஐயோ' என்று நிறுத்தித் திருத்தினால் வேறு குறி. உள்ளபடியே தயங்காமல் வாசித்துக் கடந்துபோனால் மூன்றாவது குறி. முதல் வகைக்கு இலக்கணப் பாடம் தேவையில்லை, தன் எழுத்தை நின்று பார்க்கிற பழக்கம்தான் தேவை. இரண்டாவது வகையை அவரே பார்த்துக்கொள்வார். நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியது மூன்றாவது குறி விழுந்த இடங்களை மட்டும்தான். குறிகளை வைத்தபின் நகலை மாணவர் பக்கம் திருப்பி, அந்த மூன்றாவது குறியில் ஒன்றைக் காட்டி, 'இதை ஏன் இப்படி எழுதினாய்?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள்.